சின்னச் சிங்கியை விடுவதா, எடுப்பதா? படகிலேயே முடிவு செய்ய வேண்டியது

அந்தியில் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், விட்ட வலையை விடியற்காலையில் ஏற்றும்போது, ஒவ்வொரு சிங்கி இறாலுக்கும் கிடைப்பது அரை நிமிடம்தான். முள்ளிலும் கொம்பிலும் சுற்றிய நூலைப் பிரிக்க வேண்டும், அடுத்த பாகத்தை இழுக்க வேண்டும், வெயில் ஏறுமுன் கரை சேர வேண்டும். அந்த அவசரத்தில் சின்னதும் பெரியதும் ஒரே கூடையில் விழுகின்றன. கரையில் வியாபாரி தராசில் வைத்து, சின்னதை ஒதுக்கிவிட்டு, அதற்கு மட்டும் அடிமாட்டு விலை சொல்வார். அப்போது அதைத் திரும்பக் கடலில் விட நினைத்தாலும் பயன் குறைவு. செவுள் காய்ந்து, இரண்டு மூன்று கால் உதிர்ந்த சிங்கி பிழைப்பது கடினம். அதனால் விடுவதா எடுப்பதா என்ற முடிவை வலையிலிருந்து பிரிக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

எடை பற்றிய விதி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2003 ஜூலையில் இந்திய வணிக அமைச்சகம் சிங்கி ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடையை அறிவித்தது. முழுச் சிங்கியாக அனுப்பினால், சிங்கி இனங்களில் பானுலிரஸ் ஹோமாரஸ் 200 கிராம், பானுலிரஸ் பாலிஃபேகஸ் 300 கிராம், பானுலிரஸ் ஆர்னேட்டஸ் 500 கிராம், நீண்ட கொம்பில்லாத தட்டைச் சிங்கி 150 கிராம் இருக்க வேண்டும். இது ஏற்றுமதிக்கான விதி. வலையில் ஏறும் சின்னச் சிங்கியை இது தடுப்பதில்லை. அது உள்ளூர்ச் சந்தைக்கும் ஓட்டலுக்கும் போய்விடுகிறது. கேரளம் 2015இல் 14 கடல் இனங்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவையே சட்டமாக்கியது, 2017இல் பட்டியலை 58 இனங்களாக விரித்தது. நமக்குத் தேவையானதும் அப்படி இறங்குதளத்திலேயே செல்லுபடியாகும் அளவுதான்.

மேலே உள்ள எண்களைப் பாருங்கள். ஒரே 250 கிராம், ஹோமாரஸ் என்றால் வளர்ந்து முட்டையிடும் வயதுக்கு வந்த சிங்கி. ஆர்னேட்டஸ் என்றால் குஞ்சு. ஆர்னேட்டஸ் இரண்டு மூன்று கிலோ வரை போகக்கூடிய இனம், அது முதிரவும் நெடுநாள் ஆகும். “கால் கிலோ இருக்கிறது, போதும்” என்று எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், மிகப் பெரிதாக வளரும் இனத்தைத்தான் குஞ்சிலேயே அழித்துக்கொண்டிருப்போம். எங்கள் கணக்கில் அதிகம் நடக்கும் தவறும் இதுதான். ஆகவே எடைக்கு முன்னால் இனம்.

இனம் பார்க்க நேரம் பிடிக்காது, வாலைப் பார்த்தால் போதும். வால் வளையங்களின் குறுக்கே ஓடும் பள்ளத்தின் விளிம்பு அலை அலையாக நெளிந்திருந்து, உடல் கரும்பச்சையாக, வாலெங்கும் பொடிப் புள்ளி இருந்தால் ஹோமாரஸ். கன்னியாகுமரி, தூத்துக்குடி முதல் சென்னை வரை பாறைக்கரைகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு வளையத்தின் பின்விளிம்பிலும் மெல்லிய வெள்ளைக் கோடு குறுக்கே போனால் பாலிஃபேகஸ். சேறு கலந்த தரையில் அதிகம். வாலில் குறுக்குப் பள்ளமோ கோடோ இல்லாமல், கால்கள் மட்டும் பட்டை பட்டையாக வண்ணமிட்டது போல் இருந்தால் ஆர்னேட்டஸ்.

அடுத்து சிங்கியைப் புரட்டி வயிற்றுப் பக்கம் பாருங்கள். கடைசிக் காலின் நுனியில் குட்டி இடுக்கி இருந்தால் பெண். வாலடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாக முட்டை இருந்தால் இப்போதுதான் இட்டிருக்கிறது. பழுப்பாகி, உற்றுப் பார்த்தால் கரும்புள்ளி போலக் கண்கள் தெரிந்தால் பொரிக்கச் சில நாள்தான். நம் கடலின் வெப்பத்தில் முழுச் சினைக்காலமே மூன்று நான்கு வாரம். நடுத்தரப் பெண் ஒன்று ஒரே ஈற்றில் லட்சத்துக்கும் மேல் முட்டை சுமக்கும். உடல் பெரிதாகப் பெரிதாக எண்ணிக்கை ஏறும். அதனால் சினைச் சிங்கிக்கு மட்டும் எடைக்கணக்கு வேண்டாம். ஒரு கிலோ இருந்தாலும் விட வேண்டும்.

பலர் கவனிக்காத அடையாளம் ஒன்று உண்டு. கடைசிக் கால்களுக்கு நடுவே, நெஞ்சின் அடியில் தார் அப்பியது போலக் கருத்த திட்டு இருக்கும். அது அழுக்கல்ல, ஆண் ஒட்டிவிட்டுப் போன விந்துப்பை. சீக்கிரமே முட்டையிடப் போகும் பெண் என்று அதற்குப் பொருள். அந்தக் குட்டி இடுக்கியால் திட்டைச் சுரண்டித்தான் அது முட்டைகளைக் கருவுறச் செய்கிறது. முட்டை கண்ணில் படவில்லை என்பதற்காகத் திட்டுள்ள சிங்கியைக் கூடையில் போட்டால், சினைச் சிங்கியைப் போட்டதற்குச் சமம். சினையைத் தேய்த்து எடுத்துவிட்டு விற்பதும் நடக்கிறது. வாலடித் துடுப்புகளில் முட்டை ஒட்டியிருந்த நீண்ட மயிர்கள் மிஞ்சிக் காட்டிக்கொடுக்கும். வாங்குபவர் அதைப் பார்க்கப் பழக வேண்டும்.

அளவுக்கு வருவோம். ஆடும் படகில் தராசு உதவாது, நீளம் பார்ப்பதுதான் சரி. ஆனால் கொம்பு நுனியிலிருந்தும் வால் நுனி வரையும் அளக்கக் கூடாது. கொம்பு உடைந்திருக்கும், வாலைச் சிங்கி மடக்கிக்கொள்ளும். கண்களுக்கு மேல் முன்னோக்கி நிற்கும் இரண்டு பெரிய முட்களின் நடுவே உள்ள ஓட்டு விளிம்பிலிருந்து, தலையின் ஓடு முடிந்து வால் தொடங்கும் இடம் வரை, நடுமுதுகில் நேராக அளக்க வேண்டும். ஹோமாரஸ் பெண்கள் முதன்முதலில் முட்டையிடுவது ஏறக்குறைய இந்த நீளம் 50 முதல் 60 மில்லிமீட்டர் ஆகும்போது.

ஹோமாரஸை அளக்கும் கருவியாக ஓர் அளவுச் சட்டத்தை நீங்களே செய்துகொள்ளலாம். 200 கிராமைச் சற்றே தாண்டிய ஹோமாரஸ் 20, 30 எடுத்து ஒவ்வொன்றின் தலையோட்டையும் அளந்து எழுதுங்கள். அவற்றில் பெரிய அளவு எதுவோ, அந்த அகலத்துக்கு ஒரு கெட்டியான பிளாஸ்டிக் துண்டிலோ தகட்டிலோ ‘ப’ வடிவில் வெட்டுங்கள். சராசரியை எடுக்காதீர்கள்; எடுத்தால் சின்னதுகள் பல பெரியவை என்று கூடைக்குப் போய்விடும். தலையோட்டின் மீது சட்டத்தை வைக்கும்போது அது தடையில்லாமல் உள்ளே இறங்கினால் சிங்கி சின்னது. கயிறு கட்டிப் படகின் ஓரத்தில் தொங்கவிடுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கூண்டு போடுபவர்கள் எல்லோரும் இப்படியொரு உலோகச் சட்டம் வைத்திருக்கிறார்கள். அங்கே சினையோடு சிக்கும் பெண்ணின் வால் துடுப்பில் சின்ன வெட்டு ஒன்று போட்டு விடுவார்கள். பிறகு சினையில்லாமல் சிக்கினாலும் அந்த வெட்டைப் பார்த்தவர் விட்டுவிட வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்தக் கடலின் சிங்கி இனத்துக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்சத் தலையோட்டு நீளம் 76 மில்லிமீட்டர்.

விடுவது என்று முடிவானபின் செய்யும் தவறுகள்தான் சிங்கியைக் கொல்கின்றன. கொம்பைப் பிடித்து இழுத்தால் கொம்பு கையோடு வரும். காலைப் பிடித்து இழுத்தால் சிங்கி காலைத் தானே கழற்றிவிடும். திரும்ப முளைக்கும், ஆனால் வளர வேண்டிய சத்தில் ஒரு பங்கு அதற்கே போகும். முதுகோட்டைப் பிடித்துக்கொண்டு, சிக்கு அவிழாவிட்டால் இரண்டு வலைக்கண்ணை அறுத்துவிடுங்கள். கண் பின்னிக்கொள்ளலாம். தொட்டுப் பார்த்து ஓடு மெத்தென்று இருந்தால் இப்போதுதான் சட்டை உரித்தது. நசுக்காமல் முதலில் அதை விடுங்கள்.

காற்றில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. கடல்நீரில் நனைத்த சாக்கின் கீழ் சில நிமிடம் தாங்கும், மொட்டை வெயிலில் தாங்காது. நல்ல தண்ணீரோ பனிக்கட்டி உருகிய நீரோ படவே கூடாது. தூக்கி எறிய வேண்டாம், நீரின் மட்டத்தில் கையை இறக்கி விடுங்கள். வலை ஏற்றிய அதே பாரின் மேலேயே விடுங்கள். கரைக்குத் திரும்பும் வழியில் மணல் தரையில் விட்டால் ஒளிய இடமின்றித் திரியும், மீன் கொத்திவிடும்.

சின்னதை விற்காமல் கூண்டில் வளர்க்கலாமே என்று கேட்பார்கள். 80, 100 கிராம் ஹோமாரஸ் நன்றாக இரை தின்றால் நாலைந்து மாதத்தில் 200ஐத் தாண்டும், விலையும் பல மடங்கு கிடைக்கும். அடிமாட்டு விலைக்கு விற்பதைவிட இது மேல்தான். ஆனால் முட்டையிடும் முன் கூண்டிலிருந்து நேரே ஏற்றுமதிக்குப் போகும் சிங்கி கடலுக்கு ஒன்றும் திருப்பித் தருவதில்லை. சினைச் சிங்கியை விடும் ஊர்தான் கூண்டு வளர்ப்பையும் நெடுநாள் நடத்த முடியும்.

“நான் விட்டால் பக்கத்து வலைக்காரன் எடுப்பான்” என்பதில் நியாயம் இருக்கிறது. கண்ணாடித் தகடு போன்ற சிங்கிக் குஞ்சு மாதக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து எங்கோ போய்ப் பாரில் இறங்கும். உங்கள் பாரில் இறங்கும் குஞ்சின் தாயை வேறு எந்த ஊரோ விட்டிருக்கலாம். எல்லோரும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பைக் கடல் இருக்கிறது. அங்கே 1970களின் பிற்பகுதியில் இழுவை மடிகள் தட்டைச் சிங்கியை அள்ளத் தொடங்கின, சினையோடு இருந்தவற்றையும் சேர்த்து. 1994க்குள் அந்தப் பிடிப்பே இல்லாமல் போனது.

அதனால் இதைத் தனியொருவரின் நல்ல மனதுக்கு விட்டுவிடக் கூடாது, ஊர்க்கூட்டத்தில் பேச வேண்டும். முதல் வருடத்துக்கு இரண்டு கட்டுப்பாடு போதும்: சினையோ தார்த்திட்டோ உள்ளது எதுவும் கரையேறாது, அளவுச் சட்டத்துக்குள் இறங்கும் சின்னதை எந்த வியாபாரியும் தராசில் ஏற்றக் கூடாது. இரண்டாவதற்கு வியாபாரிகளையும் அந்தக் கூட்டத்துக்கே அழையுங்கள். வியாபாரி வாங்கமாட்டார் என்று தெரிந்த அன்றைக்குத்தான் படகில் சட்டம் வேலை செய்யத் தொடங்கும்.