பாஸ்தா சாலட் என்னும் சீமைத் தயிர்சாதம்

பிரயாணத்துக்குத் தயிர்சாதம் கட்டுகிறவர்கள் மூன்று காரியங்களைத் தவறாமல் செய்வார்கள். சாதத்தை வழக்கத்தைவிடக் குழைய வடிப்பார்கள். தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டுவார்கள். கிளறி முடித்த பிறகும் "போகப் போக இறுகிடும்" என்று இன்னொரு கரண்டி பாலை ஊற்றுவார்கள். மாவுச்சத்தின் வேதியியலில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. பிறந்தநாள், வளைகாப்பு, மொட்டைமாடி விருந்து என்று புதுச்சேரியிலும் கடலூரிலும் மேசைக்கு வரும் பாஸ்தா சாலட்டுக்கும் அதே வேதியியல்தான். ஆனால் பாஸ்தா என்றதும் அந்தக் கைப்பழக்கம் எங்கோ போய்விடுகிறது. பாக்கெட்டில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கில் வேகவைத்து, மயோனைஸும் தயிரும் விட்டுக் கிளறி, ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் திறந்தால், மேலே விறைத்த பாஸ்தா, அடியில் வெள்ளரிக்காய்த் தண்ணீர்.

விறைப்பை முதலில் பார்ப்போம். நல்ல பாஸ்தா டூரம் கோதுமை ரவையில் செய்யப்படுவது. அதில் குளூட்டன் என்ற புரதம் வலை போலப் பின்னியிருக்கும். வலைக்கண்களுக்குள் மாவுச்சத்து மணிகள். கொதிக்கும் தண்ணீரில் இந்த மணிகள் நீரைக் குடித்து உப்பி இளகுகின்றன. வலை அவற்றை வெளியே வழியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மைதா மக்ரோனியில் இந்த வலை பலவீனம். மாவு வெளியே கரைந்து தண்ணீர் கஞ்சியாகும், பாஸ்தா களியாகும். பாக்கெட்டின் பின்புறத்தில் 'டூரம் கோதுமை ரவை' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது பாதி வேலையை முடித்துவிடும்.

இளகிய மாவுச்சத்து ஆறும்போது சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள அமைலோஸ் என்னும் நீண்ட சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன, இடையில் இருந்த நீரை வெளியே தள்ளுகின்றன. உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃப்ரிட்ஜின் குளிரில், இது இன்னும் வேகமாக நடக்கும். ஃப்ரிட்ஜில் வைத்த இட்லி கல்லாவதும், வைத்த சாதம் பொலபொலவென்று உதிர்வதும் இதனால்தான். சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவை நடுவில் சற்றுக் கடிபடும்படி எடுப்பது இத்தாலிய முறை. அந்தப் பதத்தைச் சாலட்டுக்குக் கொண்டுவந்தால் மறுநாள் அது ரப்பர். பாக்கெட்டில் 9 நிமிடம் என்றிருந்தால் 11 நிமிடம் வேகவிடுங்கள். ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது. விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் வடிவம் கலையக் கூடாது. தயிர்சாதத்துக்குக் குழைய வடிப்பதன் அளவான வடிவம் இது.

விருந்தில் மற்ற பலகாரங்களோடு வைப்பதாக இருந்தால் ஆளுக்கு 40 கிராம் உலர் பாஸ்தா போதும். 25 பேருக்கு ஒரு கிலோ. வெந்ததும் அது இரண்டேகால் கிலோ அளவுக்கு வரும். ஒரு கிலோவையும் ஒரே பாத்திரத்தில் போட வேண்டாம். வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதி அடங்கிப்போய், மறுபடி கொதிப்பதற்குள் பாஸ்தா அடியில் ஒட்டிக்கொள்ளும். அரை அரைக் கிலோவாக, ஒவ்வொரு தடவையும் 5 லிட்டர் தண்ணீரில், 50 கிராம் உப்பு போட்டு வேகவையுங்கள். கொதிநிலையை ஏற்றத்தான் உப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அளவு உப்பு கொதிநிலையை ஒரு டிகிரியில் கால்பங்குகூட ஏற்றாது. உப்பு சுவைக்காகத்தான், மணிகள் நீரைக் குடிக்கும்போதே உள்ளே போனால்தான் உண்டு, பிறகு மேலே தூவினால் நடுப்பகுதி சப்பென்றே இருக்கும். தண்ணீரில் எண்ணெய் விடுவது வீண். அது மேலே மிதக்கும், பாஸ்தா கீழே வேகும். இரண்டும் சந்திப்பதே இல்லை. முதல் இரண்டு நிமிடம் கரண்டியால் கிளறிவிட்டால் ஒட்டாது.

வடித்ததும் தண்ணீர் விட்டு அலச வேண்டும். சூடான பாஸ்தாவில் சாஸ் ஒட்டுவதற்கு மேலே படிந்த மாவு தேவை, அதனால் அங்கே அலசக் கூடாது. இங்கே அதே மாவு பசையாகி எல்லாவற்றையும் ஒரே கட்டியாக்கும். அலசும் தண்ணீர் குடிநீராக இருக்கட்டும், ஏனென்றால் இதன்பின் பாஸ்தா அடுப்பைப் பார்க்கப்போவதில்லை. முழுக்கக் குளிரும்வரை அலசாமல், கை பொறுக்கும் சூட்டில் நிறுத்தி, நன்றாக வடியவிட்டு, ஒரு கிலோ பாஸ்தாவுக்கு 3 மேசைக்கரண்டி வினிகர் தெளித்துப் பிரட்டுங்கள். வெதுவெதுப்பில் புளிப்பு உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் கழித்து 2 மேசைக்கரண்டி எண்ணெய். வரிசையை மாற்றினால் எண்ணெய் பூசிய பாஸ்தாவில் வினிகர் ஒட்டாமல் அடியில் தேங்கும். பிறகு அகலத் தட்டுகளில் இரண்டு அங்குலத்துக்கு மேல் உயராமல் பரப்பி, மின்விசிறிக்கடியில் 20 நிமிடம் ஆறவிட்டு, மூடி ஃப்ரிட்ஜுக்குள்.

இனி அந்த வெண்ணெய் போன்ற வழவழப்பு. மயோனைஸ் என்பது தண்ணீருக்குள் எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து நிறுத்திய கலவை. துளிகள் மறுபடி சேர்ந்துவிடாமல் ஒவ்வொன்றையும் ஒரு தோல் போர்த்தியிருக்க வேண்டும். முட்டை மயோனைஸில் அந்தத் தோலை மஞ்சள்கருவின் லெசித்தினும் புரதங்களும் தருகின்றன. ஆனால் பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. கடலூர் அந்த ஆணைக்குள் வந்தது. புதுச்சேரி தனி ஒன்றியப் பிரதேசம்தான், ஆனால் சால்மோனெல்லாவுக்கு முள்ளோடை எல்லை தெரியாது.

முட்டைக்குப் பதில் பால் போதும். பால் புரதமான கேசீனும் எண்ணெய்த் துளியைப் போர்த்தும். ஒடுக்கமான உயரப் பாத்திரத்தில் 100 மில்லி குளிர்ந்த பால், 200 மில்லி மணமில்லாத சூரியகாந்தி எண்ணெய், அரைத் தேக்கரண்டி கடுகுத்தூள், உப்பு. கைப் பிளெண்டரை அடிவரை இறக்கி, அசைக்காமல் அரை நிமிடம் ஓட்டி, வெள்ளையாகக் கெட்டிப்படத் தொடங்கியதும் மெல்ல மேலே தூக்க வேண்டும். கடைசியில் 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. புளிப்பு பட்டதும் கேசீன் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கலவை இன்னும் இறுகும். சாற்றை முதலிலேயே விட்டால் துளிகளைப் போர்த்துவதற்கு முன்பே பால் திரிந்துவிடும் அபாயம் உண்டு. மிக்ஸியில் செய்தால் எண்ணெயை மூடியின் துவாரம் வழியே நூல்போல ஊற்ற வேண்டும், நீண்ட நேரம் ஓட்டினால் ஜார் சூடாகி எண்ணெய் பிரியும். பிரிந்தால் கொட்டிவிட வேண்டாம்: வேறு பாத்திரத்தில் 2 மேசைக்கரண்டி குளிர்ந்த பால் எடுத்து, பிரிந்த கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்தால் சேர்ந்துவிடும்.

மயோனைஸ் மட்டும் போட்டால் திகட்டும். நம் ஊர்ப்பக்கம் அதற்கு அருமையான துணை பண்ருட்டி முந்திரி. முழுப் பருப்பு வேண்டியதில்லை, விலை குறைந்த உடைசல் போதும். 150 கிராமைச் சுடுநீரில் அரைமணி ஊறவைத்து, 150 மில்லி குளிர்ந்த பால் விட்டு, விரலில் தொட்டால் நெருடாதபடி அரைக்க வேண்டும். முந்திரியில் கொழுப்போடு புரதமும் மாவுச்சத்தும் இருப்பதால் தண்ணீரைப் பிடித்துவைக்கும். கலவை பிரியாமல் இருக்க இது ஒரு காவல். இதோடு மேலே சொன்ன மயோனைஸ் முழுவதும், துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் 500 கிராம், எலுமிச்சைச் சாறு 60 மில்லி, சர்க்கரை 2 தேக்கரண்டி, மிளகுத்தூள் 2 தேக்கரண்டி, உப்பு 12 கிராம். இதுதான் நம் சாஸ். 500 கிராம் கட்டித் தயிருக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ தயிர் வேண்டும். கட்டியதை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே நான்கு மணி நேரம் தொங்கவிடுங்கள். சமையலறைச் சூட்டில் தொங்கினால் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும், புளிப்பு எல்லை மீறும். தயிரை மிக்ஸியில் போடவே கூடாது. தயிர் என்பது புரதம் கட்டிய மெல்லிய கூடு. கத்தி பட்டதும் கூடு சிதைந்து மோராகிவிடும். கரண்டியால் மடித்துக் கலந்தால் போதும்.

புளிப்பை ஒரே இடத்திலிருந்து எடுப்பதைவிடப் பிரித்து எடுப்பது நல்லது. வினிகர் மூக்கில் ஏறும், எலுமிச்சை சட்டென்று தெரிந்து மறையும், தயிரின் புளிப்பு மெதுவாக வந்து நிற்கும். கிளிமூக்கு மாங்காயைப் பொடியாக நறுக்கி 100 கிராம் சேர்த்தால் கடிக்கும்போது மட்டும் ஒரு பொறி. கொழுப்பு நாக்கில் படிந்திருப்பதால் புளிப்பு மங்கித்தான் தெரியும், ஆகவே சாஸைத் தனியாகச் சுவைக்கும்போது 'கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே' என்று தோன்ற வேண்டும்.

காய்கள் ஒரு கிலோ: குடைமிளகாய், கேரட், வேகவைத்த சோளம், வெங்காயம், வெள்ளரி. எல்லாவற்றையும் அழுக்குப் போகக் கழுவி, ஈரம் துடைத்து நறுக்குங்கள். வில்லன் வெள்ளரிக்காய். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். உப்பும் புளிப்பும் உள்ள சாஸ் வெளியே இருந்தால் சவ்வூடு பரவல் அந்தத் தண்ணீரை இழுத்து வெளியே கொண்டுவரும். சாலட்டுக்குள் நடக்கப்போவதை முன்கூட்டியே வெளியே நடத்திவிடலாம்: விதையை வழித்தெடுத்து, 300 கிராமுக்கு 3 கிராம் உப்பு பிசறி 20 நிமிடம் வைத்து, துணியில் பிழியுங்கள். தக்காளி போட்டே ஆக வேண்டும் என்றால் சதை மட்டும். பீட்ரூட் எல்லாவற்றையும் ரோஸ் நிறமாக்கும். பச்சை அன்னாசி இன்னும் மோசம். அதிலுள்ள புரோமெலைன் நொதி பால் புரதத்தை வெட்டிக் கசக்கவைக்கும். அன்னாசி வேண்டுமானால் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்க்கலாம், சூட்டில் நொதி செத்துவிடும்.

சாஸில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் முதல்நாள் இரவு பாஸ்தாவோடும் காய்களோடும் கலந்து வையுங்கள். பதம் தோசை மாவுபோலத் தளர இருக்க வேண்டும், இரவெல்லாம் பாஸ்தா அதிலிருந்து நீரை உறிஞ்சும். மீதி ஒரு பங்கு பரிமாறுவதற்குச் சற்று முன்பு. வறுத்த முந்திரியும் கொத்தமல்லியும் அப்போதுதான். உப்பையும் அப்போது ஒருமுறை பாருங்கள். பாஸ்தா உறிஞ்சியதில் முதல்நாள் சரியாக இருந்தது மறுநாள் மந்தமாகத் தெரியும். ஃப்ரிட்ஜில் பாத்திரம் பின்சுவரைத் தொடாமல் இருக்கட்டும். அங்கே உறைந்தால் பனிப் படிகங்கள் எண்ணெய்த் துளிகளின் தோலைக் கிழித்து, உருகும்போது எண்ணெய் தனியாக மிதக்கும்.

பாஸ்தா சாலட் கெட்டுப்போனால் பழி மயோனைஸ் மேலேயே விழுகிறது. கடையில் விற்கும் மயோனைஸ் அமிலத்தன்மை உடையது, அதில் கிருமி எளிதில் பெருகாது. பாஸ்தாவைத்தான் சந்தேகிக்க வேண்டும். பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த மாவுப்பண்டம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 2003 ஆகஸ்டில் பெல்ஜியத்தில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை செய்த பாஸ்தா சாலட் சனிக்கிழமை உல்லாசப் பயணத்துக்குப் போய்த் திரும்பியது, மீதி திங்கள் வரை ஃப்ரிட்ஜில் இருந்தது. சாப்பிட்ட ஐந்து குழந்தைகளும் நோயுற்றார்கள், ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். அந்த ஃப்ரிட்ஜின் வெப்பநிலை 14 டிகிரியாக இருந்தது. 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. தயிரும் எலுமிச்சையும் போட்டிருக்கிறோமே என்ற தைரியம் வேண்டாம், அந்தப் புளிப்பு ஒவ்வொரு துண்டின் நடுவரைக்கும் ஒரேபோலப் போய்ச் சேர்ந்திருக்காது.

குளிர்ச்சி இல்லாமல் வெளியே இருக்கக்கூடிய நேரம் இரண்டு மணி. காற்றின் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி. மே மாதப் புதுச்சேரி மொட்டைமாடிக்கு எந்தக் கணக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே பேசினில் கொட்டி வைக்காமல், ஒரு கிலோ பிடிக்கும் எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, ஐஸ் நிரப்பிய தாம்பாளத்தின் மேல் வையுங்கள். தீர்ந்த பிறகு அடுத்த கிண்ணம், பழையதன் மேலேயே கொட்டுவது கூடாது. கடலூரிலிருந்து செய்து எடுத்துவருவதென்றால் ஹாட்பாக்ஸ் போதாது. புதுத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்கு நடுவே, இறுக மூடிய டப்பாவாக வர வேண்டும். மீனுக்குப் போடும் ஐஸ்கட்டி டப்பாவுக்கு வெளியே மட்டும். அதன் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது.

மேசையில் நேரம் கடந்து கிடந்ததை எறிந்துவிடுங்கள். ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வராத மீதியை மறுநாள் சாப்பிடலாம். அது அதற்குள் இறுகித்தான் இருக்கும். எலுமிச்சையோ மயோனைஸோ சேர்க்காமல், இரண்டு கரண்டி குளிர்ந்த பால் விட்டுப் பிரட்டி ஐந்து நிமிடம் வைத்தால் தளர்ந்துவரும்.