13 வயதுக் கையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

டாலஸ் நகருக்கு வடக்கே பிளேனோ, பிரிஸ்கோ, ஆலன் என்று நீளும் புறநகர்ப் பகுதியில், இளம் விளையாட்டு வீரர்களைக் கவனிக்கும் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். இங்கே அமெரிக்கக் கால்பந்து என்பது ஊரே கூடி நடத்தும் காரியம். ஆலன் உயர்நிலைப் பள்ளிக்காக 2012இல் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் அமரும் அரங்கத்தைக் கட்டி முடித்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் தோள்வலி என்று ஒரு பையனை அழைத்துவரும் பெற்றோர், வலி எப்போது குறையும் என்று கேட்பதற்கு முன்பே வேறொன்றைக் கேட்டுவிடுகிறார்கள்: "இவனால் நல்ல குவார்ட்டர்பேக் ஆக முடியுமா?" அண்மைக் காலமாக அந்தக் கேள்வி என் காதில் தமிழிலும் விழுகிறது. இந்த விளையாட்டோடு வளராத அப்பாக்களும் அம்மாக்களும் தனிப் பயிற்சியாளர் சொல்வதையும் திறன் அளக்கும் முகாம்களை நடத்துபவர்கள் தரும் மதிப்பெண்ணையும் அப்படியே நம்பிப் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். களத்தில் இருக்கும் 11 பேரில் தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். ஏறக்குறைய ஒவ்வொரு ஆட்ட நகர்வும் அவர் கைக்குப் பந்து வருவதில்தான் தொடங்குகிறது. பந்து வந்த பிறகு அவருக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று நொடி. எதிரணித் தடுப்பாளர்கள் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவார்கள். அதற்குள் எதிரணி நிற்கும் விதத்தைப் படித்து, ஓடும் சகாக்களில் யார் தனித்து வருவார் என்று கணித்து, எறிவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். இத்தனை வேலைகளில் கையின் பங்கு கடைசியில்தான் வருகிறது. ஆனால் சிறுவர்களை மதிப்பிடும்போது எல்லாருடைய கண்ணும் அந்தக் கையின் மேலேயே போய் நிற்கிறது.

ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 13, 14 வயதில் வருகிறது. சிலருக்கு 12இலேயே வந்துவிடும், சிலருக்கு 15, 16 ஆகிவிடும். ஆகவே ஒரே வகுப்பில் படிக்கும் இரு 13 வயதுப் பையன்களின் உடல் வயதில் மூன்று நான்கு ஆண்டு வேறுபாடு இருப்பது அபூர்வமல்ல. ஒருவனுக்கு மீசை அரும்பித் தோள் அகன்றிருக்கும். இன்னொருவன் இன்னும் சிறுவன்தான். முகாமில் 45 யார்டு எறிபவன் முதலாமவன் என்பதில் வியப்பென்ன? ஆறாம் வகுப்புக் குழுப் புகைப்படத்தில் பின்வரிசையில் நின்றவர்களே கல்லூரியிலும் மிக உயரமானவர்களாக இருந்தார்களா என்று உங்கள் பழைய படத்தை எடுத்துப் பாருங்கள்.

இதைத் தோராயமாகக் கணக்கிட வழி இருக்கிறது. பையனின் உயரம், எடை, பெற்றோர் இருவரின் உயரம் ஆகியவற்றைக் கொண்டு வளர்ந்த பிறகு அவன் எவ்வளவு உயரம் இருப்பான் என்று கணிக்கும் கேமிஸ்-ரோச் முறை 1994இலிருந்து புழக்கத்தில் உள்ளது. கணித்த உயரத்தில் எத்தனை விழுக்காட்டை அவன் இப்போது எட்டியிருக்கிறான் என்று பார்த்தால் முன்கூட்டியே முதிர்ந்தவனா, தாமதமாக முதிர்பவனா என்பது ஓரளவு புரியும். இங்கிலாந்தின் கால்பந்து (சாக்கர்) அகாடமிகள் இவ்வகைக் கணக்கை வைத்துச் சிறுவர்களை உடல் முதிர்ச்சி வாரியாகப் பிரித்து ஆட வைத்துப் பார்த்திருக்கின்றன. இங்கே என்னிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவர்கள் வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள்: செப்டம்பர் 1 அன்று 19 வயது நிரம்பாதிருந்தால் உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடலாம் என்ற டெக்சஸ் விதியை மனத்தில் வைத்து, பையனை ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பில் ஓராண்டு வேண்டுமென்றே நிறுத்திவைக்கிறார்கள். அவனைவிடச் சிறியவர்களோடு ஆடினால் பெரியவனாகத் தெரிவான், உண்மைதான். அந்த ஓராண்டு அவன் நண்பர்களைப் பிரிந்து கழித்த ஆண்டு என்பதையும் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

வளர்ச்சியின் உச்சத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. கை கால் எலும்புகள் சில மாதங்களில் நீண்டுவிடும். தசைகளும் உடலை ஒருங்கிணைக்கும் திறனும் பின்தங்கும். போன பருவத்தில் குறி தவறாமல் எறிந்தவன் இந்தப் பருவத்தில் கண்டபடி எறிவான். அந்த நேரத்தில் நடக்கும் தேர்வில் அவனைக் கழித்துக்கட்டிவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து சுவரிலோ குறிப்பேட்டிலோ எழுதிவைக்கும் பெற்றோர், இது திறமைச் சரிவா, வளர்ச்சித் தடுமாற்றமா என்பதைப் பயிற்சியாளருக்கே எடுத்துச் சொல்ல முடியும்.

அவசரத் தீர்ப்புக்கு நாடறிந்த எடுத்துக்காட்டு டேவிட் சில்ஸ். 2010இல் டெலவேர் மாநிலத்தில் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அவருக்கு வயது 13. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைமைப் பயிற்சியாளர் லேன் கிஃபின் அவருக்கு உதவித்தொகையோடு இடம் தருவதாக வாக்களித்தார். செய்தி நாடு முழுவதும் பரவியது. 2013இல் கிஃபின் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். சில்ஸ் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகவே இல்லை. மேற்கு விர்ஜீனியாவில் சேர்ந்தார். குவார்ட்டர்பேக் ஆகும் ஆசை விடாமல் நடுவே கலிபோர்னியாவில் ஒரு ஈராண்டுக் கல்லூரிக்குச் சென்று முயன்றார். பிறகு மேற்கு விர்ஜீனியாவுக்கே திரும்பி, பந்தைப் பிடிக்கும் ரிசீவராக 2017 பருவத்தில் 18 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) எடுத்தார். தொழில்முறை லீகான என்எஃப்எல்லிலும் ஆடினார். அவரிடம் திறமை இருந்தது, நிறையவே இருந்தது. அது எந்த வடிவில் வெளிப்படும் என்பதை 13 வயதில் எவராலும் சொல்லியிருக்க முடியாது.

வளர்ந்த ஆண்களைப் பல கோடி டாலர் செலவழித்து ஆராயும் என்எஃப்எல் அணிகளே தடுமாறுகின்றன. புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1998இல் முதலிடம் பேட்டன் மேனிங், இரண்டாமிடம் ரயன் லீஃப். இருவரில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று அப்போது உண்மையாகவே விவாதம் நடந்தது. லீஃப் தம் குறுகிய தொழில்வாழ்வில் கொடுத்தது 14 டச்டவுன், 36 இன்டர்செப்ஷன் (எதிரணியினர் பிடித்துக்கொண்ட எறிதல்). மேனிங்கோ முதல் ஆண்டில் 28 இன்டர்செப்ஷன் எறிந்தார், அவருடைய அணி 16 ஆட்டங்களில் 13இல் தோற்றது. முதல் ஆண்டை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால், பின்னாளில் பெரும் நட்சத்திரமான அவரையும் தோல்விக் கணக்கில்தான் சேர்த்திருப்பார்கள். 2007இல் முதலாவதாகத் தேர்வான ஜமார்கஸ் ரசலின் கைவலிமையைக் கண்டு வியக்காதவர் இல்லை. மூன்றே பருவங்களில் அவர் ஆட்டம் முடிந்துபோனது. மிகச் சிறந்த குவார்ட்டர்பேக் என்று பலரும் கருதும் டாம் பிரேடியை 2000இல் 199ஆவது இடத்தில் எடுத்தார்கள். 40 யார்டு ஓட அவருக்கு 5.28 நொடி பிடித்தது, மிக மெதுவான ஓட்டம்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது ஜோ பரோவின் கதை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு இருந்தும் முதன்மைக் குவார்ட்டர்பேக் இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. 2018இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அந்தப் பருவத்தில் 16 டச்டவுன். அடுத்த ஆண்டு 60. அதே மனிதர், அதே கை. மாறியது என்ன? பந்து எறியும் ஆட்டத்தை வகுக்கப் புதிய பயிற்சியாளர் வந்தார், களத்தை அகலமாக விரித்து ஆடும் முறை வந்தது, சுற்றிலும் மிகச் சிறந்த ரிசீவர்கள் இருந்தார்கள், அவருக்கும் ஓராண்டு அனுபவம் கூடியிருந்தது. 2020இல் அவரே டிராஃப்டின் முதல் தேர்வு. 21 வயதில் சராசரியாகத் தெரிந்த ஒருவர் 22 வயதில் இப்படி மலர்ந்தார் என்றால், உங்கள் மகனைப் பற்றி எட்டாம் வகுப்பில் எழுதப்பட்ட அறிக்கைக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

ஜாஷ் ஆலனும் அப்படித்தான். கலிபோர்னியாவின் விவசாய ஊரான ஃபயர்பாவில் பள்ளி முடித்தபோது முதல்நிலைப் பல்கலைக்கழகம் எதுவும் அவரை அழைக்கவில்லை. ரீட்லி கல்லூரியில் ஆடி, அங்கிருந்து வயோமிங் சென்று, 2018இல் ஏழாவது தேர்வாக என்எஃப்எல்லுக்கு வந்தார். முதல் ஆண்டில் அவர் எறிந்த பந்துகளில் 52.8 விழுக்காடு மட்டுமே சகாக்களின் கைக்குச் சேர்ந்தன. 2020இல் அது 69.2 ஆனது. குறிவைக்கும் திறன் பிறவியிலேயே இருக்க வேண்டும், பின்னால் வராது என்று அதுவரை அடித்துச் சொன்னவர்கள் ஏராளம்.

அப்படியானால் சிறுவயதில் பார்க்க எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது முகாம் மதிப்பெண் தாளில் வருவதில்லை. நான் முதலில் பாதங்களைப் பார்ப்பேன். எறிவதற்கு முன் இலக்கை நோக்கிக் காலையும் இடுப்பையும் திருப்புகிறானா, இல்லை கையை மட்டும் வீசுகிறானா? பயிற்சியின் கடைசி 20 நிமிடத்தில், களைப்பில், அந்த ஒழுங்கு நிலைக்கிறதா? பிறகு அவனோடு உட்கார்ந்து, கைப்பேசியில் எடுத்த ஒரு ஆட்ட நகர்வைக் காட்டி, "இங்கே என்ன பார்த்தாய்?" என்று கேட்பேன். சிலர் தாம் எறிந்த சகாவை மட்டும் சொல்வார்கள். சிலர், "அந்தத் தடுப்பாளன் உள்ளே நகர்ந்தான், அதனால் வெளியே இடம் கிடைக்கும் என்று நினைத்தேன்" என்பார்கள். எறிந்தது தவறிப்போயிருந்தாலும் இரண்டாவது பதிலைக் கேட்டால் எனக்கு மகிழ்ச்சிதான். அந்தப் பார்வைக்கு மீசை முளைக்க வேண்டியதில்லை, பழகப் பழக அது வளரும். இன்டர்செப்ஷன் கொடுத்துவிட்டு வந்தவன் யார் பக்கம் திரும்புகிறான் என்பதையும் கவனிப்பேன். பயிற்சியாளரிடம் போய்க் கேட்கிறானா, பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் அப்பாவின் முகத்தைத் தேடுகிறானா? அப்பாவைத் தேடும் பிள்ளையிடம் குறையில்லை. அங்கே பேச வேண்டியது அப்பாவிடம்.

டெக்சஸில் கோடைக்காலத்தில் நடக்கும் ஏழுபேர் ஆட்டங்களைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அங்கே முன்வரிசைத் தடுப்பாளர்கள் கிடையாது, குவார்ட்டர்பேக்கை யாரும் வீழ்த்த வருவதும் இல்லை. எதிரணி நிற்கும் விதத்தைப் படிக்கவும், சகாக்களின் ஓட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் எறியப் பழகவும் அது நல்ல பயிற்சி. ஆனால் மோதலை எதிர்பார்த்துக்கொண்டே கண்ணை இலக்கில் வைத்திருக்கும் துணிவு அங்கே சோதிக்கப்படுவதில்லை. குவார்ட்டர்பேக்குக்கு உயிர்நாடி அதுவே.

அவசரத் தீர்ப்பின் விலையைக் கடைசியில் செலுத்துவது பையனின் தோள். "இவன் பெரிய ஆள் ஆவான்" என்று யாராவது சொன்ன நாளிலிருந்து அவன் ஆண்டு முழுவதும் எறியத் தொடங்குகிறான்: இளவேனிலில் பேஸ்பால், கோடையில் ஏழுபேர் ஆட்டம், இலையுதிர் காலத்தில் பள்ளி அணி, குளிர்காலத்தில் தனிப் பயிற்சி. மேல்கை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 விழுக்காடு தோளுக்கு அருகில் உள்ள வளர்ச்சித் தட்டில்தான் நடக்கிறது. 16, 17 வயதிலும் அது முழுமையாக மூடியிருக்காது. தசைநார்களைவிட வலுக்குறைந்த அந்த மென்மையான பகுதிதான் ஒவ்வொரு எறிதலின் முறுக்கையும் தாங்குகிறது. பேஸ்பாலில் 13, 14 வயதினர் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது, ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் எறியாமல் இருக்க வேண்டும் என்று தெளிவான வழிகாட்டுதல் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் அப்படி எல்லாரும் பின்பற்றும் அளவு எதையும் நான் பார்த்ததில்லை. ஆகவே எண்ணும் பொறுப்பு வீட்டாருடையது. இரண்டு விளையாட்டிலும் எறிபவன் என்றால் இரண்டையும் கூட்டி எண்ணுங்கள், அந்த நான்கு மாத ஓய்வைக் கால்பந்துக்கும் சேர்த்தே கடைப்பிடியுங்கள். பந்தின் அளவையும் பாருங்கள். 9 முதல் 12 வயது வரை ஜூனியர் அளவு, 12 முதல் 14 வரை யூத் அளவு என்று தனித்தனியே விற்கிறார்கள். பெரிய பந்தில் பழகினால் சீக்கிரம் தேறுவான் என்று வாங்கிக் கொடுப்பது, சிறிய கையைத் தவறான எறிமுறைக்குப் பழக்குவதில்தான் முடியும்.

எறியும்போது தோளின் மேல்பகுதியிலோ முழங்கையின் உட்புறத்திலோ வலி என்று பையன் இரண்டாவது முறை சொன்னால் அன்றோடு எறிவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வலியுள்ள தோளோடு வலியில்லாத தோளையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வளர்ச்சித் தட்டு அகன்றிருப்பது தெரியும். அகன்றிருந்தால் பெரும்பாலும் மூன்று மாதம் வரை ஓய்வு தேவைப்படும். அந்த நாள்களில் அவன் கால், இடுப்பு, முதுகுப் பயிற்சிகளைச் செய்யலாம். அணியோடு அமர்ந்து ஆட்டப் பதிவுகளைப் பார்க்கலாம், எதிரணியின் நிலைகளைப் படிக்கலாம். தோட்டத்தில் தம்பியோடு விளையாட்டாக எறிவதும் எறிவதுதான், அதற்கும் மூன்று மாதம் அனுமதி இல்லை.