புரபோர்ஷனிங் வால்வு: பின்னழுத்தத் தணிப்பிதழ்

நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்ட பழைய அம்பாசடரையோ பத்மினியையோ வேலூர், காட்பாடிப் பட்டறைகளில் கொடுத்து, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்ற எண்ணுவோர் முதலில் அறிய வேண்டிய சொல் இது. ‘பங்கின்படி’ என்னும் பொருள் தரும் ‘புரோ போர்ஷியோனே’ என்ற லத்தீன் தொடர் ‘புரபோர்ஷன்’ ஆயிற்று. மடிப்புக் கதவின் ஒரு பலகையைக் குறித்த ‘வால்வா’, ‘வால்வு’ ஆயிற்று.

பெயரைக் கேட்டால், பிரேக் ஆயிலின் அழுத்தத்தை முன்னுக்கும் பின்னுக்கும் எப்போதும் பங்கிட்டுக் கொடுக்கும் கருவி என்றே தோன்றும். உண்மையில் அது முன்பிரேக்கின் அழுத்தத்தைக் குறைப்பதே இல்லை. மெல்ல மிதிக்கும்போது பின்பிரேக்கையும் தடுப்பதில்லை. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய பிறகே பின்னழுத்தம் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. எல்லை 30 பார் (அழுத்தத்தின் அலகு), அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 10 பாருக்கும் பின்னால் 4 பார் என்று வைத்துக்கொண்டால், மிதியின் விசையை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரில் 80 பார் இருக்கும்போது பின்சக்கரங்களுக்கு 50 பாரே கிட்டும்.

உள்ளே இருப்பவை படியமைந்த ஒரு பிஸ்டனும் ஒரு சுருள்வில்லும். பின்சக்கரம் நோக்கிய முகத்தின் பரப்பு அதிகம் என்பதால், எல்லையை எட்டியதும் பிஸ்டன் வில்லை அமுக்கி நகர்ந்து வழியை அடைக்கிறது. மேலும் மிதித்தால் உள்வரும் அழுத்தம் அதைப் பின்தள்ளிச் சிறிதளவு ஆயிலை விட்டதும் மறுபடி அடைகிறது.

இந்தத் தணிப்பு ஏன் வேண்டும்? அழுத்திப் பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்சக்கரங்களுக்குச் சாய்கிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது சரிவும் அதனோடு சேர்வதால், பாரம் குறைந்த பின்சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆகி, வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் சுழன்றுவிடும். உயிரோடு தொடர்புடைய பாகம் என்பதால்தான் பெயரிலும் துல்லியம் வேண்டும் என்கிறேன்.

வால்வுக்கு ‘ஓரதர்’ என்ற கலைச்சொல் உண்டு. அதர் என்றால் வழி. ஒருவழிப் போக்கைச் சுட்டும் அழகிய சொல்லானாலும், மிதியை விட்டதும் ஆயில் திரும்பியாக வேண்டிய இவ்விடத்துக்கு அது பொருந்தாது. ‘விகித வால்வு’, ‘பங்கீட்டு வால்வு’ இரண்டும் மேற்சொன்ன தவறான எண்ணத்தையே வளர்க்கும். ஆகவே ‘பின்னழுத்தத் தணிப்பிதழ்’ என்பதையே பரிந்துரைக்கிறேன். கதவுப் பலகை என்ற மூலப்பொருளும் ‘இதழில்’ தங்குகிறது. திருகு வைத்த வகையை ‘மாற்றமை தணிப்பிதழ்’ எனலாம். அத்திருகு வில்லின் இறுக்கத்தை மாற்றித் தணிப்பு தொடங்கும் எல்லையை நகர்த்துமே தவிர, தணிப்பின் விகிதத்தை மாற்றாது.