அண்மை அகச்சிவப்பு நிறமாலையியல்: சொல்லும் பொருளும்

ஆய்வக அறிக்கைகளில் 'என்.ஐ.ஆர்.' என்று சுருக்கமாக வரும். விரித்தால் நியர் இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ரோஸ்கோபி. ஒரு பொருளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சி, எந்த அலைநீளம் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று அளந்து, அதில் என்ன சேர்மம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டறியும் முறை இது. தமிழில் அண்மை அகச்சிவப்பு நிறமாலையியல்.

ஸ்பெக்ட்ரம் லத்தீன் சொல். தோற்றம் என்று பொருள், ஆவியுருவையும் குறிக்கும். முப்பட்டகத்தில் பிரிந்த வண்ணப்பட்டைக்கு அதைப் பெயராக்கியவர் நியூட்டன். ஸ்கோபி, 'உற்றுப் பார்' என்னும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. 'நிறமாலை' அழகான ஆக்கம்தான், ஆனால் இங்கே பார்க்க நிறமே கிடையாது! இருந்தாலும் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களுக்கும் அந்தச் சொல்லே நிலைத்துவிட்டது. ஸ்பெக்ட்ரத்துக்குத் தொலைத்தொடர்பு ஏலச் செய்திகளில் வரும் 'அலைக்கற்றை'யை இங்கே இழுத்து வர வேண்டாம்.

1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, ஒளியே தெரியாத இடத்தில் வெப்பம் கூடுதலாக இருந்தது. அந்தக் கதிருக்கு இன்ஃப்ராரெட் என்ற பெயர் வெகுகாலம் கழித்தே வந்தது. 'இன்ஃப்ரா' என்றால் கீழே. அதாவது சிவப்பைவிடக் குறைந்த அதிர்வெண். இலங்கைத் தமிழில் வழங்கும் 'செந்நிறக்கீழ்' இதை அப்படியே சொல்கிறது. நம் 'அகச்சிவப்பு' புற ஊதாவுக்கு எதிர்ச்சொல்லாக அமைந்தது. வானவில்லில் பார்த்தால் சிவப்புதான் வெளிவிளிம்பு, அகச்சிவப்பு அதற்கும் வெளியே விழும்; 'அகம்' அங்கே பொருந்தாது. சரி, பாடநூலில் ஊன்றிவிட்ட சொல், இருக்கட்டும்.

விஷயமெல்லாம் 'அண்மை'யில்தான் இருக்கிறது. சிலர் 'அருகாமை' என்று எழுதுகிறார்கள். அருகுதல் என்றால் குறைதல் என்றும் பொருள் உண்டு, ஆகவே அருகாமை 'குறையாமை' ஆகிவிடும். அண்மையே போதும். எதற்கு அண்மை? நம் கண் காணும் ஒளிக்கு. ஏறத்தாழ 780 முதல் 2,500 நானோமீட்டர் வரை.

மூலக்கூறில் அணுக்களை இணைக்கும் பிணைப்புகள் ஓயாமல் அதிர்கின்றன. அவற்றின் அடிப்படை அதிர்வுகள் பெரும்பாலும் அடுத்துள்ள, அலைநீளம் கூடிய இடை அகச்சிவப்பில் உறிஞ்சும். அண்மைப் பகுதியில் கிடைப்பது அவற்றின் மேற்சுரங்களும், இரண்டு அதிர்வுகள் கூடி உண்டாகும் சேர்க்கைப் பட்டைகளும். பட்டை என்றால் ஒளி உறிஞ்சப்படும் அலைநீளப் பகுதி. வீணைத் தந்தியை மீட்டினால் அடிநாதத்தோடு மேற்சுரமும் மெலிதாகக் கேட்குமே, அந்த மாதிரி. ஹைட்ரஜன் மிக இலேசான அணு என்பதால் கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றோடு அது சேர்ந்த பிணைப்புகளே இங்கே ஓங்கி ஒலிக்கும். நீர் 1,450, 1,940 நானோமீட்டர்களை ஒட்டிப் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். 1960களில் அமெரிக்க வேளாண் துறையில் கார்ல் நாரிஸ் இம்முறையை வளர்த்தெடுத்ததும் தானியத்தின் ஈரப்பதத்தை அளப்பதில் தொடங்கித்தான்.

மேற்சுரம் மெலிந்தது என்பதே இம்முறையின் பலம். உறிஞ்சல் குறைவு, அதனால் ஒளி பொருளுக்குள் ஆழமாகப் போகும். மாதிரியை அரைக்கவோ கரைக்கவோ பெரும்பாலும் தேவையில்லை. மருந்து மூலப்பொருளைக் கண்ணாடிக் குப்பியில் இருந்தபடியே சோதிக்கலாம். ஆனால் பட்டைகள் அகன்று ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். கண்ணால் பார்த்து இது இன்னது என்று பிரிப்பது கடினம். வேறு முறையால் ஏற்கெனவே அளந்த மாதிரிகளை வைத்துப் நிறமாலையிலிருந்து அளவைக் கணிக்கும் புள்ளியியல் கணக்கீடு ஒன்றை முதலில் பழக்க வேண்டும். அந்த அளவீடு சொதப்பினால் கருவியும் சொதப்பும். உப்பு, உலோகம் போன்றவற்றுக்கு நேரடிப் பட்டை இல்லை. மிகச் சிறு அளவில் கலந்த பொருளும் அகப்படாது. பிளாஸ்டிக் கழிவைத் தரம் பிரிக்க இது நன்றாகவே உதவும், ஆனால் கார்பன் கரி சேர்த்த கறுப்பு பிளாஸ்டிக் வந்தால் ஒளியை எல்லாம் விழுங்கிவிடும்.

எழுதும்போது கருவிக்கு நிறமாலைமானி, அது வரைந்து தரும் கோட்டுக்கு நிறமாலை, துறைக்கு நிறமாலையியல். மூன்றையும் கலக்காமல் எழுதினால் போதும். அடுத்தடுத்த இடங்களில் என்.ஐ.ஆர். என்று சுருக்கிக்கொள்வதில் தவறில்லை.