பிஎச்டி பண்ணினால் பைசா கிட்டுமா? குமரி மாவட்ட மாணவர்களுக்கு ஆய்வு உதவித்தொகை விளக்கம்

"பிஎச்டி பண்ணினா பைசா கிட்டுமா?" மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ முதுகலை முடித்த பிள்ளை ஆய்வு என்று வாயெடுத்ததும் வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். கேட்பதில் தப்பே இல்லை. சம்பாதிக்கத் தொடங்க வேண்டிய வயதில் இன்னும் நாலைந்து வருடம் படிக்கிறேன் என்றால், ரப்பர் பால் வெட்டியும் கடலுக்குப் போயும் படிக்க வைத்த வீடு கணக்குப் பார்க்கத்தான் செய்யும். பதில்: கிட்டும், தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் வரை கிட்டும். ஆனால் ஆய்வில் சேர்ந்ததால் மட்டும் அது வந்துவிடாது. எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்ய வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. நம் மாவட்டத்தில் நல்ல தலையுள்ள பிள்ளைகள் பலர் உதவித்தொகையைக் கோட்டைவிடுவது மதிப்பெண்ணால் அல்ல, இந்த வரிசை தெரியாததால்.

பெரிய வாசல் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை. மொழி, வரலாறு, பொருளாதாரம், வணிகவியல், சமூகவியல் போன்ற பாடங்களுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிர் அறிவியல், புவி மற்றும் கடல் அறிவியல் என்ற ஐந்துக்கும் சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம்) நெட். இரண்டையும் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. யுஜிசி நெட் ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை. கணினி அறிவியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் அறிவியல் பாடங்கள்தானே என்று சிஎஸ்ஐஆர் பட்டியலில் தேடுகிறவர்கள் உண்டு. அவை இருப்பது யுஜிசி பக்கம்.

தொகை இப்படி. 2023 ஜனவரி 1 முதல், முதல் 2 ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய். அதன்பின் ஒரு நிபுணர் குழு வேலையைப் பார்த்துத் திருப்தி சொன்னால் முதுநிலை ஆய்வாளராக உயர்த்தி மாதம் 42,000. மொத்தம் 5 ஆண்டு வரை. விடுதியில் தங்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. கன்டிஜென்சி என்று சொல்லும் ஆய்வுச் செலவுத் தொகையும் உண்டு: கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500; அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000.

யுஜிசி நெட்டில் முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண். சேர்ந்தாற்போல் 3 மணி நேரம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே ஒரு கேள்வியையும் விடாமல் எழுதலாம். சிஎஸ்ஐஆரில் குறைப்பார்கள், அங்கே கவனம் வேண்டும். எழுத முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கு 50. யுஜிசி ஜேஆர்எஃபுக்கு வயது வரம்பு 30. மேலே சொன்ன பிரிவினருக்கும் எல்லாப் பெண்களுக்கும் 5 ஆண்டு தளர்வு. கல்யாணம், குழந்தை என்று நாலைந்து வருடம் விட்டுப்போன பெண்கள் "வயசு போச்சு" என்று தாங்களாகவே கதவைச் சாத்திக்கொள்வதை நிறையப் பார்க்கிறேன். 33 வயதில் ஒரு பெண் தாராளமாக ஜேஆர்எஃப் எழுதலாம். 55 சதவீதமும் விண்ணப்பமும் இருந்தால் போதும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மொழிப் பாடங்களைத் தவிர மற்றத் தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். முதல் தாளும் அப்படியே. தமிழ் வழியில் வரலாறு படித்த பிள்ளைக்கு இது பெரிய சுமை. பாடம் தெரிந்திருந்தும் கேள்வி புரியாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. பழைய வினாத்தாள்களை ஆறு மாதம் முன்பே எடுத்து, பாடத்துக்கான ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துப் பழகுவது நல்லது.

நெட் பாஸ் ஆவதும் ஜேஆர்எஃப் கிடைப்பதும் ஒன்றல்ல. 2024 ஜூன் தேர்விலிருந்து முடிவு மூன்று தட்டாக வருகிறது: ஜேஆர்எஃபோடு உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்டி சேர்க்கைக்கான தகுதி, பிஎச்டி சேர்க்கைக்கு மட்டுமான தகுதி. பின்னிரண்டுக்கும் ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடையாது. ஆனால் அந்த மதிப்பெண்ணைக் காட்டி ஒரு வருடத்துக்குள் ஆய்வில் சேரலாம். சேர்க்கையில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30.

இனி, நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறுக்கு வருகிறேன். முதுகலை முடித்ததும் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுக்கப் போவார்கள். கையில் வருவது போக்குவரத்துக்கே பத்தாது. சும்மா இருக்க வேண்டாமே என்று பகுதிநேர ஆய்வாளராகப் பதிந்துகொள்வார்கள். மறு வருடம் ஜேஆர்எஃபோ வேறு உதவித்தொகையோ கிடைக்கும். அப்போதுதான் தெரியும், இந்த உதவித்தொகைகள் எல்லாம் முழுநேர ஆய்வாளர்களுக்கு, அதுவும் வேறு சம்பளம் வாங்காதவர்களுக்கு என்பது. அதன்பின் வேலையை விட்டு, முழுநேரத்துக்கு மாற்றக் கேட்டு எழுதி, அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு நாகர்கோவிலிலிருந்து பஸ் மாறி மாறி அலைய வேண்டும். பகுதிநேர ஆய்வு குறைந்தது என்று சொல்ல வரவில்லை. வேலையில் உறுதியாக இருப்பவருக்கு அது சரியான வழி. உதவித்தொகை வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பதிவுப் படிவத்தில் முழுநேரம் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு மற்றதை யோசியுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குமரியின் கதையே தனி.

குளச்சல் பக்கமிருந்து ஒரு பெண் ஒருமுறை என்னிடம் கோப்போடு வந்தாள். பத்தாம் வகுப்பில் வாங்கிய பிசி சான்றிதழ், லேமினேஷன் போட்டு, ஓரம் மஞ்சளாகி இருந்தது. "ஓபிசின்னு போட்டுட்டேன், இது போதும்லா சார்?" என்றாள். போதாது மக்களே என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. மாநில அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ் வேறு. மத்திய அரசுப் படிவத்தில் வாங்கும் ஓபிசி சான்றிதழ் வேறு. கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில் இல்லை என்று அதில் எழுதியிருக்க வேண்டும், நிதியாண்டு மாறினால் புதிதாகக் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். விஏஓ, ஆர்ஐ என்று கை மாறி வருவதற்கு நாள் பிடிக்கும். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கடைசித் தேதி நிற்காது. ஏப்ரல் பிறந்ததும் வாங்கி வைத்துவிடுங்கள். அந்தப் பெண் அடுத்த தேர்வுக்கு அப்படித்தான் செய்தாள்.

அப்புறம் பட்டியல். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள். அதனால் சில சமூகங்களுக்கு இங்கும், நம்மோடு சேர்ந்து வந்த செங்கோட்டை வட்டத்திலும் ஒரு நிலை, மற்றத் தமிழ்நாட்டில் வேறு நிலை. பரவரும் வண்ணாரும் மற்ற மாவட்டங்களில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்களில் இருக்கிறார்கள். இங்கே பட்டியல் சாதி. ஆனால் பட்டியல் சாதி என்பது இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்குத்தான். கடற்கரைக் கிறித்தவக் குடும்பங்களுக்கு அது பொருந்தாது. பேச்சிப்பாறை மலைப் பகுதியில் வாழும் காணி மக்கள் பழங்குடியினர். அவர்களுக்கு மதம் ஒரு தடையல்ல. சென்னையிலோ மதுரையிலோ இருந்து வரும் அலுவலருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போகலாம். அரசாணையில் நம் மாவட்டத்தின் பெயரே இருக்கிறது, தயங்காமல் எடுத்துக் காட்டலாம்.

சான்றிதழ் கையில் இருந்தால் அடுத்த வாசல்கள் திறக்கும். ஜேஆர்எஃப் கிடைக்காத எஸ்சி மாணவர்களுக்கும், ஆண்டுக்கு 1,000 ஓபிசி மாணவர்களுக்கும் தேசிய உதவித்தொகைகள் இருக்கின்றன. நெட் மதிப்பெண் அடிப்படையில் தருகிறார்கள். பழங்குடி மாணவர்களுக்கான 750 இடங்களுக்கு நெட் தேவையில்லை, முதுகலை மதிப்பெண் போதும். மலையிலிருந்து முதுகலை வரை வந்துவிட்ட ஒரு காணிப் பிள்ளைக்கு இதை யாராவது சொல்ல வேண்டும், தயவுசெய்து சொல்லுங்கள். தொகை ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஜேஆர்எஃப் அளவுதான்.

தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. எஸ்சி, எஸ்டி மாணவர்களோடு கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்களும் இதற்குத் தகுதியானவர்கள். மத்திய அரசின் எஸ்சி உதவித்தொகை கிடைக்காத அந்தக் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ உண்டு, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். சிறுபான்மையினருக்கென இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அண்ணன்மார் வாங்கினார்கள் என்று அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு ஒரே பெண் பிள்ளையா? சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே பெயரில் யுஜிசி தரும் உதவித்தொகை இருக்கிறது. நெட் வேண்டாம். 40 வயது வரை விண்ணப்பிக்கலாம், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 45 வரை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருக்கக் கூடாது. இரட்டைப் பெண்களாகப் பிறந்திருந்தால் சரி. சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம்) மாதம் 20,000 தருகிறது. அறிவியல் முதுகலையில் பல்கலைக்கழக அளவில் முதல் ரேங்க் வாங்கியவர்கள் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையைப் பார்க்கலாம். ஒரே சமயத்தில் இரண்டு உதவித்தொகை வாங்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்குப் படிக்கும்போதே நெறியாளரையும், அதாவது ஆய்வை வழிநடத்தும் ஆசிரியரையும் தேடத் தொடங்குங்கள். ஜேஆர்எஃப் கடிதத்தில் ஒரு காலக்கெடு அச்சிட்டிருக்கும், அதற்குள் ஆய்வில் சேர வேண்டும். 2022 யுஜிசி விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆளெடுக்க முடியாது. ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், நேசமணி நினைவுக் கல்லூரி என்று நம் பழைய கல்லூரிகளில் ஆய்வு மையங்கள் இருந்தாலும், நீங்கள் விரும்பும் ஆசிரியரிடம் இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. நேரில் போய்க் கேளுங்கள். கடல்சார் ஆய்வுக்கு ராஜாக்கமங்கலத்தில் பல்கலைக்கழகத்தின் மையமே இருக்கிறது.

அதே விதியில் பெண்களுக்கு முக்கியமான ஒன்று: ஆய்வுக்காலம் குறைந்தது 3, அதிகபட்சம் 6 ஆண்டு; மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டு வாங்கலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு உண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு. பிள்ளை பிறந்ததற்காகப் பதிவை ரத்து செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் முடிந்து பணம் வரத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. என் அண்ணன் மகள் ஒருநாள் ராத்திரி போன் பண்ணினாள். "சித்தப்பா, மூணு மாசமா பைசா ஏறல்ல." யுஜிசி உதவித்தொகை டெல்லியிலிருந்து நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது, ஆனால் இந்த மாதம் இவர் ஆய்வில் இருந்தார் என்று கல்லூரி ஒவ்வொரு மாதமும் இணையத்தில் உறுதி செய்தால்தான் வரும். ஒருவர் பதிவேற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அவள் கல்லூரியில் அதைப் பார்த்துவந்த ஊழியர் வேறு பிரிவுக்குப் போயிருந்தார். பாஸ்வேர்டு யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. ரூம் வாடகையும் மெஸ் கட்டணமும் ஏறிக்கொண்டே இருந்தன. தன் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, எந்தெந்த மாதம் பாக்கி என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு, முதல்வர் அறை வாசலில் இரண்டு நாள் நின்றுதான் சரிசெய்தாள். நின்றுபோன தொகை பிறகு மொத்தமாக வந்துவிட்டது. இப்போது மாதம் பிறந்ததும் அலுவலகத்தில் தலையைக் காட்டிவிட்டுத்தான் நூலகத்துக்குப் போகிறாள்.

கன்டிஜென்சிக்கும் பில் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். புத்தகம், ரசாயனப் பொருள், தட்டச்சு, களப்பணிப் பயணம் எல்லாம் அதில் வரும். தோள்சீலைக் கலகம் பற்றி ஆய்வு செய்கிறவர் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்குப் போய்வரும் செலவும், மணவாளக்குறிச்சி மணலை ஆராய்கிறவர் மாதிரி எடுக்கப் போகும் செலவும் சேரும். பஸ் டிக்கெட்டையும் ஜெராக்ஸ் பில்லையும் அன்றன்றே ஒரு கவரில் போட்டு, மேலே தேதியும் போன காரணமும் எழுதி வையுங்கள். மார்ச் மாதம் கணக்கு முடிக்கும்போது அலுவலகத்தில் கேட்பது அந்தக் கவரைத்தான்.