சம்பாதித்தவர் இறந்துவிட்டால் குடும்பம் கேட்டுப் பெற வேண்டிய அரசு உதவிகள்

வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டவர் திடீரென்று இறந்துவிட்டால், ‘கவர்மென்ட்டில் ஏதாவது உதவி கிடைக்குமா?’ என்ற பேச்சு பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எழும். பலரும் நேரே கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதப் போவார்கள். மனு எழுதலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் இறந்தவரின் பேங்க் பாஸ்புக்கை எடுத்துப்போய் என்ட்ரி போட்டு, இரண்டு மூன்று வருடப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். உதவித்தொகையாக வருவது ஆயிரங்களில் இருக்கும். அவர் கட்டிவைத்த காப்பீட்டில் வரவேண்டியது லட்சங்களில் இருக்கும். அதைக் கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு என்பதுதான் வேதனை.

தேட வேண்டியது இரண்டு சின்னத் தொகைகள். மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. வருடத்தின் நடுவில் சேர்ந்தவர்களுக்கு அந்த முதல் வருடம் மட்டும் 342, 228 அல்லது 114 என்று குறைவாகப் பிடித்திருப்பார்கள். மாரடைப்போ, காய்ச்சலோ, விபத்தோ, எப்படி இறந்திருந்தாலும் 2 லட்சம் ரூபாய் உண்டு. புதிதாகச் சேர்ந்து 30 நாளுக்குள் இறந்தால் மட்டும் விபத்து மரணத்துக்குத்தான் கிடைக்கும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் சுரக்ஷா காப்பீடு. விபத்தில் இறந்தவருக்கு இதிலும் 2 லட்சம். இரண்டும் இருந்து, இறந்தது விபத்தில் என்றால் இரண்டையும் கேட்கலாம். இரண்டு மூன்று பேங்க்கில் 436 பிடித்திருந்தாலும் கிடைப்பது ஒரே ஒரு 2 லட்சம்தான்.

இதை வாங்க இன்சூரன்ஸ் கம்பெனியைத் தேடி அலைய வேண்டாம். கணக்கு இருக்கும் பேங்க் கிளையிலேயே நாமினி, அதாவது பணத்தைப் பெற இறந்தவர் பெயர் கொடுத்துவைத்தவர், கிளெய்ம் ஃபாரம் கொடுக்க வேண்டும், கூடுமானவரை 30 நாளுக்குள். நாமினி இல்லையென்றால் வாரிசு சான்றிதழ் கேட்பார்கள். சாலை விபத்து, நீரில் மூழ்கியது போன்றவற்றுக்கு எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் தேவை. பாம்பு கடித்தோ மரத்திலிருந்து விழுந்தோ இறந்தால் அதுவும் விபத்துதான். உடனே கொண்டுபோன ஆஸ்பத்திரியின் பதிவில் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஜன்தன் கணக்கின் ரூபே ஏ.டி.எம். கார்டு இருந்தால் அதையும் கேளுங்கள். அதற்குத் தனியாக விபத்துக் காப்பீடு இருக்கிறது. 28.8.2018-க்குப் பிறகு திறந்த கணக்கு என்றால் 2 லட்சம், அதற்கு முந்தையது என்றால் 1 லட்சம். விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் அந்தக் கார்டை ஒரு தடவையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டினால் அதிகாரியின் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். இதைவிடப் பெரிய தொல்லை பெயர். ஆதாரில் ‘முருகேசன்’, பாஸ்புக்கில் ‘மு. முருகேசன்’, இறப்புச் சான்றிதழில் அப்பா பெயரோடு சேர்த்து ‘முருகேசன் முத்துசாமி’ என்று இருந்தால் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் திருப்பி அனுப்புவார்கள். பதியும்போதே ஆதார் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, இனிஷியல் உட்பட எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிடுங்கள். துக்க வீட்டில் இதற்கெல்லாம் யாருக்கு மனசு வரும்? அதனால் சொந்தத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது பெரிய உதவி.

இறந்தவருக்கு சம்பளத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் இருந்ததா? அப்படியானால் சேர்ந்த பணத்துக்கு 20-ஆம் படிவம், குடும்ப ஓய்வூதியத்துக்கு 10-டி, காப்பீட்டுக்கு 5-ஐ.எஃப். என மூன்றையும் கொடுக்க வேண்டும். பி.எஃப். பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடக் கூடாது. வேலையில் இருக்கும்போதே இறந்தவர்களுக்கு அந்தக் காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை வரும். ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம். இதற்குத் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பைசாகூடப் பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். அதனாலேயே வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. குடும்ப ஓய்வூதியத்துக்கு அவர் ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் மனைவிக்கு உரிமை உண்டு, 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் உண்டு. கம்பெனி கையெழுத்துப் போட மறுத்தால் பேங்க் மேனேஜரிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கிக் கொடுக்கலாம்.

கட்டட வேலை, ஆட்டோ, தையல் போன்ற தொழில் செய்தவர் என்றால் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று பெட்டியைத் தேடிப் பாருங்கள். இருந்தால் அந்த வாரியத்திலும் உதவி கேட்கலாம்.

இனி தாலுகா ஆபீஸ். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதுக்குள் சம்பாதித்தவர் இறந்தால், தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் ஒரே தவணையாக 20,000 ரூபாய் உண்டு. ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்தை 2023-இல் தமிழக அரசு மாதம் 1,000-லிருந்து 1,200 ஆக உயர்த்தியது. இதைக் கவனிப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்பாகப் போடப்படும். இதற்குத் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றாலும் வழி இருக்கிறது. 1.4.2022 முதல் நடந்த இத்தகைய விபத்துகளில் மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 இழப்பீடு.

‘நான் வாங்கித் தர்றேன், முதல்ல அஞ்சாயிரம் கொடுங்க’ என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மேலே சொன்ன எதற்கும் முன்பணம் கிடையாது. போனில் ஓ.டி.பி. கேட்டால் சொல்லவே சொல்லாதீர்கள். பணம் பறிபோய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். மனு எதுவானாலும் ரசீது எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். அதற்கான போன் எண் 15100.