கல்லுக்கு அடியில் சிங்க்: எடையைத் தாங்குவது எது?

அண்டர்மவுண்ட் சிங்க்கின் விளிம்பு சமையல் மேடைக்கு மேலே தெரியாது. கிரானைட்டின் அடிப்பக்கத்தோடு ஒட்டி நிற்கும். மேடையைத் துடைத்தால் சோற்றுப் பருக்கையும் தண்ணீரும் எங்கும் தட்டாமல் தொட்டிக்குள் இறங்கிவிடும். மேலே உட்காரும் சாதாரண சிங்க்கைக் கல்லே சுமந்துகொள்ளும். அடியில் இருப்பதைச் சுமக்க நாம்தான் வழி செய்ய வேண்டும்.

60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 23 செ.மீ. ஆழம் உள்ள தொட்டி நிரம்பினால் ஏறத்தாழ 62 லிட்டர் தண்ணீர், அதாவது 62 கிலோ. சிங்க்கின் சொந்த எடையையும் உள்ளே கிடக்கும் குக்கர், கடாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனையையும் சிலிகான் பசையை மட்டும் நம்பித் தொங்கவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. ஒட்டிய முதல் மாதம் கெட்டியாகத்தான் இருக்கும். எடை ஓயாமல் கீழே இழுக்க இழுக்க, ஒரு மூலையிலிருந்து பசை உரியத் தொடங்கும்.

'அப்படியானால் கல்போல் இறுகும் எபாக்சியால் ஒட்டிவிடலாமே' என்று தோன்றும். கஞ்சி வடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கொதிநீர் பட்டு எஃகு 50 டிகிரி சூடேறினால், 60 செ.மீ. நீளத்தில் அரை மி.மீ. அளவுக்கு விரியும். கிரானைட் அதே சூட்டுக்கு அதில் பாதிதான் விரியும். அவ்வளவு சீக்கிரம் சூடாவதும் இல்லை. இரண்டும் வெவ்வேறு அளவில் நீண்டு சுருங்க, வளையாத பசை நாளடைவில் விரிசல் விடும். சிலிகான் ரப்பர்போல் இழுபட்டுக் கொடுக்கும். ஆகவே நீர் கசியாமல் தடுக்க சிலிகான். எடை தாங்க, விளிம்புக்கு அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு எல்-ஆங்கிள்கள் ('L' வடிவ உலோகச் சட்டங்கள்). ஆங்கிளின் இரு முனைகளும் பக்கச் சுவரிலோ தடுப்புக் கல்லிலோ போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

வாங்கும்போது 304 ரக ஸ்டெயின்லெஸ் எஃகையே கேளுங்கள். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கல் குறைந்த 202 ரகம், உப்பு கலந்த போர் தண்ணீரில் சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். கடையில் காந்தம் வைத்துக் காட்டுவதை நம்ப வேண்டாம்: 202-ம் காந்தத்தில் ஒட்டாது, நல்ல 304-ம்கூட அழுத்தி வளைத்த மூலைகளில் லேசாக ஒட்டும். தகட்டின் தடிமன் 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 1.2 மி.மீ. இருந்தால் பாத்திரம் வைக்கும் சத்தமும் குறையும்.

கல் வெட்டும் இடத்தில்தான் அதிக கவனம் தேவை. துளையின் நான்கு மூலைகளிலும் முதலில் வட்டத் துளை போட்டு, பிறகு அவற்றை நேர்க்கோட்டில் இணைத்து வெட்ட வேண்டும். கூர்மையான மூலையில் அழுத்தம் குவிந்து, விரிசல் அங்கிருந்தே கிளம்பும். சிங்க்குக்கு முன்னால் நிற்கும் கல் பட்டை 6 செ.மீ.க்குக் குறைந்தால், வேலை முடியும் முன்பே முறியக்கூடும். வெட்டிய உள்விளிம்பு கண்ணில் படும் என்பதால் அதற்கும் பாலிஷ் போடச் சொல்லுங்கள். கல் சிங்க்குக்குள் 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், அந்த மறைவில் அழுக்கும் பூஞ்சையும் சேரும். கை எட்டித் துடைக்க முடியாது.

நம் ஊரில் கடப்பாக் கல்லைக் கீழே போட்டு, அதன்மேல் கிரானைட் பதிப்பது வழக்கம். பலர் சிங்க்கின் விளிம்பைக் கடப்பாமேல் உட்கார வைத்து, மேலே கிரானைட்டைச் சிமெண்டோடு மூடிவிடுகிறார்கள். எடை நன்றாகவே தாங்கும். ஆனால் பத்து வருடம் கழித்து சிங்க்கை மாற்ற வேண்டுமானால் கிரானைட்டை உடைத்தாக வேண்டும். கடப்பாவில் துளையை விளிம்பைவிடப் பெரிதாக வெட்டி, சிங்க்கைக் கீழிருந்து ஏற்றி ஆங்கிளில் நிறுத்துவதே நல்லது.

ஒட்டுமுன் கல்லின் அடியைத் தடவிப் பாருங்கள். விரலில் மாவுபோல் தூசி ஒட்டினால் சிலிகான் அந்தத் தூசியோடுதான் ஒட்டும், கல்லோடு அல்ல. சில கிரானைட் பலகைகளின் அடியில் கண்ணாடி நார் வலை இருக்கும்; சிங்க் ஒட்டும் இடத்தில் மட்டும் அதைச் சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்துக் காயவிடுங்கள். வினிகர் வாடை வரும் சிலிகானில் அமிலம் வெளியாகும். கடப்பாவும் சலவைக்கல்லும் சுண்ணாம்புக் கல் வகை என்பதால் அமிலம் அவற்றை அரிக்கும்; அமிலம் வெளியிடாத நியூட்ரல் வகையே பாதுகாப்பு. சிலிகான் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது, நாளுக்கு 2 முதல் 3 மி.மீ. வரை. கல்லுக்கும் எஃகுக்கும் நடுவே ஓரம் வழியாக மட்டுமே காற்று நுழைவதால், குறைந்தது மூன்று நாள் தொட்டியை நிரப்பாதீர்கள்.

சுவரிலுள்ள கழிவுக் குழாயின் உயரத்தைச் சிங்க் வாங்கும் முன்பே அளந்துவிட வேண்டும். கல்லின் தடிமன், தொட்டியின் ஆழம், கப்ளிங் (தொட்டியின் அடித்துளையில் பொருத்தும் வடிகால் வாய்), டிராப் (வாடை வராமல் தண்ணீரைத் தேக்கி வைக்கும் வளைகுழாய்) எல்லாம் சேர்ந்தும், டிராப்பின் வெளிவாய் சுவர்த் துளையைவிடச் சற்று மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, கீழே செய்தித்தாளை விரித்துத் தொட்டியை விளிம்புவரை நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். நிரம்பியிருக்கும்போதே நடுவில் நனைந்தால் கப்ளிங் வாஷரையும், திறந்த பிறகு நனைந்தால் டிராப் இணைப்பையும் பாருங்கள். ஓரமாக நனைந்தால் சிலிகானில் இடைவெளி இருக்கிறது; மேலே பூசி மறைக்காமல், அந்தப் பகுதியை அறுத்தெடுத்துப் புதிதாக நிரப்புங்கள்.